அடைப்பு வீட்டு மீட்டர்

சக்கரம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நான் ஒண்ணும் அதைப் பார்க்க வரல, விளக்கேத்தத்தான் வந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை ஒரு கையிலயும் தீப்பெட்டியை இன்னொரு கையிலயும் வெச்சுக்கிட்டுக் குனிஞ்சா மீட்டர் நேரா மூஞ்சிக்கு எதிர்ல வந்துடுது, அதுக்கு நான் என்ன பண்றது. கண்ணாடிக்குப் பின்னால அந்த அலுமினியத் தகடு, ஓரத்துல ஒரு சிவப்புக் கோடு. இந்தப் பக்கம் வந்து தலையைக் காட்டிட்டு அந்தப் பக்கம் போயிடுது, அப்புறம் திரும்ப வருது. அவசரமே கிடையாது அதுக்கு. பூட்டின வீட்டுல கரண்டு எதுக்கு ஓடணும்? பூட்டினவன் நான். சாவி என் அரைஞாண்ல தொங்குது. உள்ள இருந்த மனுஷன் ஓயாமாரி சுடுகாட்டுல சாம்பலாகி, சாம்பலும் காவேரியில கரைஞ்சாச்சு. உசுரோட இருந்தப்ப வாடகை பாக்கி, செத்தப்புறம் கரண்டு பாக்கியா? நல்லா இருக்கு சார் நியாயம். திரி நனையமாட்டேங்குது. காத்து வேற. மார்கழி முடியப் போகுது, இன்னும் இந்தக் குளிர் விடல, விரலெல்லாம் மரத்துப் போகுது. இந்த விளக்கை நான் ஏத்தணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? சாவு தோஷத்துக்காகப் பூட்டி வெச்ச அடைப்பு வீட்டு வாசல்ல தினம் சாயங்காலம் விளக்கு எரியணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. ஏத்த வேண்டியது செத்தவரோட பொண்ணு. பொண்ணு இருக்கிறது சேலத்துல. அதனால நான். வாடகை குடுக்காதவருக்கு வீட்டுக்காரன் விளக்கேத்தறான், ஊர்ல யாருக்காவது சொன்னா சிரிப்பாங்க.

நாகலிங்கம் சார் கெட்டவர்னு சொல்லமாட்டேன், சொன்னா வாய் அழுகிடும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஒண்டிக்கட்டை, என் வீட்டுப் பின்கட்டு போர்ஷன்ல எத்தனையோ வருஷம் சத்தமில்லாம இருந்தாரு. தேதி பொறந்ததும் வாடகையைக் கவர்ல போட்டு என் சம்சாரம் கோமளா கையில குடுத்துடுவாரு, எங்கிட்டகூட இல்ல, அவகிட்டதான். ராத்திரி தாழ்ப்பாள் போடமாட்டாரு. ஏன் சார்னு கேட்டா, எனக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நீங்க கதவை உடைக்கக்கூடாது பாருங்க, உங்களுக்கு வீண் செலவும்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன். பேங்குக்குப் போயி, நான் உசுரோடதான் இருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா பென்ஷன் பாட்டுக்கு வந்திருக்கும். முட்டி வலி, மாடி ஏற முடியல, அடுத்த வாரம் போறேன், அடுத்த வாரம் போறேன். பென்ஷன் நின்னு போச்சு. அதோட கவரும் நின்னு போச்சு. நானும் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? எனக்கென்ன மில்லு ஓடுதா? இந்த வாடகையிலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது, கோமளாவோட கண்ணு ஆபரேஷனை இன்னும் தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் சொல்லியாச்சு. இப்ப வேடிக்கை என்னன்னா, அவரு உசுரோட இருந்தார்னு கையெழுத்துப் போட வேண்டியது நான்னு ஆயிடுச்சு. அவரு போடாத கையெழுத்தை என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு.

பொணத்தை எடுத்த அன்னிக்குக் காலையில என்ன நடந்தது, வரிசையா ஒரு தடவை நினைச்சுப் பார்த்துடலாம். அந்தப் பொண்ணு இப்ப வந்துடும், பாக்கியைக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு உங்களைக் கேக்கணும் சார்னு போன்ல சொல்லியிருக்கு. என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும். அந்தக் காலையிலயும் போன்தான் முதல்ல. தமயந்தி பேசறேன் சார், நாகலிங்கத்தோட பொண்ணுன்னுது. இத்தனை வருஷத்துல நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்ல. அம்மா செத்தப்ப, ஆம்பளைப் புள்ளை இல்லாத வீடு, சித்தப்பன் பெரியப்பன் யாரும் வேணாம், நானே கொள்ளி வெக்கிறேன்னு வெச்ச பொண்ணு. அதுக்காக அப்பன்காரரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இங்க தனியா வந்து உக்காந்துட்டாரு. போன் பண்ணா எடுக்கமாட்டாரு. அதனால எனக்குப் பண்ணுது. சாயங்காலம் வண்டியில வரலாம்னு இருக்கேன் சார், அப்பா வேணாம்னா வரல, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா. சரிம்மான்னேன். வாடகை கேக்கவும் ஒரு சாக்காச்சுன்னு போனேன். கதவு சாத்தியிருந்துச்சு, ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருந்துச்சு. நாற்காலியில உக்காந்திருந்தாரு, ஜன்னலுக்கு முதுகு பாதி, மூஞ்சி பாதி. தலையில மஃப்ளர். எதிர்ல டேபிள் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கிட்டு இருந்துச்சு. மார்கழிக் குளிர்ல ஃபேன், கொசுவுக்காக. ஃபேன் குளிருக்கு மஃப்ளர். அந்த வீட்டுல எல்லாம் அப்படித்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினேன். முதல்ல வாடகை. கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், என் வாய் அப்படி, பேசப் பேச ஏறும். பதில் இல்ல. கோவத்துல இருக்காருன்னு நினைச்சேன். அப்புறம், சார், உங்க பொண்ணு தமயந்தி போன் பண்ணுச்சு, சாயங்காலம் வரலாமான்னு கேக்குது, வரச் சொல்லட்டுமான்னேன். ஆட்டினாரு. தலையை ஆட்டினாரு. இந்தக் கண்ணால பார்த்தேன். நான் உடனே திரும்பி வந்து அதுக்குப் போன் போட்டு, வாம்மா, உங்கப்பா சரின்னு தலையை ஆட்டிட்டாருன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். அழுதிருக்கும்.

எப்படி ஆட்டினாரு? அங்கதான் சிக்குது. மேலயும் கீழயுமா, பக்கவாட்டுலயா? நம்ம ஊர்ல சரிங்கிறதுக்குப் பக்கவாட்டுலயும் ஆட்டுவோம், வேணாங்கிறதுக்கும் ஆட்டுவோம், ஆட்டற தினுசுலதான் அர்த்தம். மஃப்ளர் போட்ட தலை. நான் பார்த்தது தலையா, மஃப்ளரா? கதவுல பால் பாக்கெட் பை தொங்கிச்சே. அதையும் பார்த்தேன். விடியறதுக்கு முன்னால பால்காரன் மாட்டிட்டுப் போவான், மாட்டின சத்தம் கேட்டதுமே எடுத்துடற மனுஷன். அன்னிக்கு வெயில் வந்தப்புறமும் பை தொங்கிக்கிட்டு இருந்துச்சு, பாக்கெட் வேர்த்துப் போயி. கெட்டுப் போயிடுமேன்னு நான்தான் எடுத்துட்டு வந்து கோமளாகிட்ட குடுத்தேன். அவ அதுலயே காப்பி போட்டா. குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் அவ ரசம் கொண்டு போய்க் குடுக்கப் போயி, கதவைத் தள்ளிப் பார்த்து, ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே திரும்பி ஓடி வந்தா. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைத் தூக்கிப் பார்த்தாரு. கை மடங்கல. ரொம்ப நேரம் ஆச்சுங்க, ராத்திரியேகூட போயிருக்கலாம்னாரு. அந்த வார்த்தையை நான் கேட்டேன். கேட்டும் கேக்காத மாதிரி நின்னேன். ஏன்னா அதுக்குள்ள பொண்ணு வண்டி ஏறியாச்சு.

அப்புறம் ஜோசியர். கடைசியா உசுரோட பார்த்தது யாரு? எல்லா மூஞ்சியும் என் பக்கம் திரும்புச்சு. காலையில பேசினேன், தலையை ஆட்டினாருன்னேன். பொய்யா சொன்னேன்? பார்த்ததைச் சொன்னேன். அவரு பஞ்சாங்கத்தைப் புரட்டிட்டு உதட்டைப் பிதுக்கினாரு. விடியற வரைக்கும் திருவோணம், தோஷம் இல்ல. விடிஞ்சப்புறம் அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு. ஆறு மாசம் அந்த இடத்தைப் பூட்டி வெக்கணும், யாரும் நுழையக்கூடாது, சாமான் எடுக்கக்கூடாது, உடம்பு வாசல் வழியாப் போகக்கூடாது, சுவத்தை உடைச்சு எடுத்துட்டுப் போகணும். சுவத்தையான்னேன். சாஸ்திரத்துக்கு ஒரு செங்கல்லை உருவினாப் போதும்னாரு. பின்சுவத்துல ஒண்ணை உருவி, அது வழியாப் போனதா வெச்சுக்கிட்டு, பின்வாசல் வழியாத் தூக்கினோம். வெளியில வந்ததும் கதவைச் சாத்துங்க, திரும்பிப் பார்க்காதீங்கன்னாரு. சாத்தினோம். அப்பத்தான் பொண்ணு வந்து இறங்குச்சு. கையில ஒரு கட்டைப் பை, அதுல அப்பாவுக்குப் பிடிச்ச அதிரசம். சித்தப்பன்காரன் பொம்பளை கொள்ளி வெக்கக்கூடாதுன்னு குதிச்சான். எங்கப்பா என்னை வரச் சொன்னாரு, வீட்டுக்கார சார் சாட்சின்னு அது என்னைக் கை காட்டுச்சு. ஆமாம்னேன். வேற என்ன சொல்ல? அப்ப எனக்கு அடைப்பும் தோணல, வாடகையும் தோணல, அந்த அதிரசப் பைதான் கண்ணுல நின்னுச்சு. அது கொள்ளி வெச்சுது.

ஆனா இப்பத் தோணுது. தினம் தோணுது. தை பொறந்ததும் பால் காய்ச்சிக் குடிவரேன்னு ஒரு நர்ஸம்மா குடும்பம் அட்வான்ஸோட நிக்குது. ஜோசியரை நேத்து கடைவீதியில பார்த்தேன். விடியறதுக்கு முன்னால போயிருந்தார்னா அடைப்பே வேண்டாமே, நீர் தலையை ஆட்டினார்னு சொன்னதுதானே கணக்குன்னாரு. ஒரு வார்த்தை. நான் பார்த்தது சரியாத் தெரியல சாமின்னு ஒரு வார்த்தை சொன்னா பூட்டு திறந்துடும். சொல்லலேன்னா ஆனி மாசம் வரைக்கும் நாகலிங்கம் சார்தான் என் குடித்தனக்காரர், விளக்கு என் செலவு, கரண்டு என் செலவு. இந்தச் சக்கரம் வேற. கோமளாவைக் கேட்டேன், ஃபேனை அணைக்காம விட்டுட்டோமா. நான்தான் அணைச்சேங்க, தலைமாட்டுல விளக்கு வெச்சப்ப ஃபேன் காத்து ஊதி ஊதி அணைக்குது, சுவிட்சை நிறுத்திட்டுத்தான் ஏத்தினேன்னா. நல்லா யோசிச்சுப் பாரு. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். அப்ப எது ஓடுது உள்ள? மீட்டருக்குப் பக்கத்துலயே பீஸ் கட்டை இருக்கு, புடுங்கினா நின்னுடும். கை அது வரைக்கும் போகுது, தினம் போகுது, திரும்பிடுது. புடுங்கினப்புறமும் நிக்கலேன்னா? பயமான்னா பயம்தான், எனக்கென்ன வெக்கம்.

இன்னிக்குப் பார்த்துடறேன். பொண்ணு வர்றதுக்குள்ள பார்த்துடறேன். விளக்கு ஒரு வழியா எரியுது. ஜன்னலை அன்னிக்கே உள்பக்கம் கொக்கி போட்டாச்சு, அதனால பின்பக்கம் போறேன், துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி. செங்கல் எடுத்த ஓட்டையில சாக்கைத் திணிச்சு வெச்சிருக்கோம், கொத்தனார் அடைப்பு முடியாம தொடமாட்டேன்னுட்டான். சாக்கை இழுத்தா வரமாட்டேங்குது, உள்ளேர்ந்து யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி, சேச்சே, ஈரத்துல ஊறிப் போயிருக்கு, அவ்வளவுதான். வந்துடுச்சு. உள்ள இருக்கிற காத்து என் மூஞ்சியில படுது. விபூதி வாசனை, முட்டிக்குத் தேய்க்கிற தைல வாசனை. கண்ணை வெச்சுப் பார்க்கிறேன். வென்டிலேட்டர் வழியாக் கொஞ்சம் வெளிச்சம். ஃபேன். ஃபேன்தான் ஓடுது. இத்தனை நாளா ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து வீசிக்கிட்டு இருக்கு, இந்தப் பக்கம் திரும்புது, அந்தப் பக்கம் திரும்புது. கோமளா பதட்டத்துல வேற சுவிட்சைத் தட்டியிருப்பா. நாற்காலி முதுகுல அவரோட மஃப்ளர், யாரோ அவுத்துப் போட்டது. ஃபேன் நேரா வர்றப்ப அதோட நுனி மெள்ளத் தூக்குது, ஃபேன் தாண்டினதும் விழுது. தூக்குது, விழுது. ஆட்டினாரு. இதுதான் ஆட்டினாரு. அப்பாடா. நான் பேசி முடிக்கிறப்ப ஃபேன் அந்தப் பக்கம் வந்திருக்கு, அவ்வளவுதான் விஷயம். செத்தவர்கிட்டதான் அரைமணி வாடகை கேட்டிருக்கேன். மனசு லேசாயிடுச்சு. திருவோணம். அடைப்பு இல்ல. நாளைக்கே ஜோசியர்கிட்ட சொல்லிடலாம், நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுடலாம். கேட் சத்தம் கேக்குது. சாக்கை அப்படியே போட்டுட்டு முன்பக்கம் போறேன்.

தமயந்திதான். கோமளா காப்பியோட வர்றா, உக்காரும்மாங்கிறா, அது உக்காரல, விளக்கைப் பார்த்துக்கிட்டே நிக்குது. கவரை நீட்டுது. அதே மாதிரிக் கவரு, அதையும் கோமளா கையில. பாக்கி முழுக்க இருக்கு சார், கரண்டு பில்லு எவ்வளவுன்னு தெரியல, சொல்லுங்கங்குது. அப்பன் புத்தி. இருக்கட்டும்மா, அது பெரிய கணக்கு இல்லன்னு சொல்லிட்டேன், என் வாயா அதைச் சொல்லுச்சு? அது காதைச் சாய்ச்சுக் கேக்குது. உள்ள ஏதோ ஓடுற சத்தம் சார். ஃபேன்மா, அன்னிக்கு அணைக்காம விட்டுட்டோம். அப்பாவுக்குக் குளிர் ஆகாது சார். செத்தவருக்கு என்னம்மா குளிருன்னு கேக்கணும், கேக்கல. கை தன்னால போயி பீஸ் கட்டையைப் புடுங்குது. சக்கரம் ஒரு அரைச் சுத்து போயி நின்னுடுச்சு. சிவப்புக் கோடு இந்தப் பக்கமே நிக்குது. உள்ள சத்தம் அடங்குது. இவ்வளவு நாளா ஒரு சத்தம் இருந்துச்சுங்கிறதே இப்பத்தான் தெரியுது. கட்டையைச் சட்டைப் பையில போட்டுக்கறேன். அப்பத்தான் அது கேக்குது. சார், டாக்டர் ராத்திரியே போயிருக்கும்னு சொன்னாராம், சித்தப்பா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அப்பா உன்னை வரச் சொல்லவே இல்ல, நீயா வந்து நெருப்பு வெச்சுட்டேங்கிறாரு. எனக்காகச் சொல்லாதீங்க சார். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. தலையை ஆட்டினாரா?

நல்ல பொண்ணு, நல்ல கேள்வி. பார்த்ததைச் சொல்லுங்கங்குது. பார்த்தேனே, இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன், மஃப்ளரும் ஃபேனும். வாய் வரைக்கும் வந்துடுச்சு. பால் பாக்கெட் தொங்கிச்சும்மா. கை மடங்கலம்மா. நர்ஸம்மா, தை மாசம், கோமளாவோட கண்ணு, எல்லாம் நாக்கு நுனியில வரிசையா நிக்குது. கோமளா என்னையே பார்க்கிறா, அவளுக்கும் தெரியும், அந்தக் காப்பி போட்டவ அவதான். அந்தப் பொண்ணோட வலது கையைப் பார்க்கிறேன். கட்டை விரல்கிட்ட ஒரு தழும்பு, கொள்ளி வெச்சப்ப சுட்டிருக்கும். அதை இன்னொரு கையால மூடிக்கிட்டு நிக்குது. அம்மாவுக்கு வெச்சதுக்கு இத்தனை வருஷம் ஒதுக்கி வெச்சாரு. இதுக்கும் சேர்த்து யார் ஒதுக்கப் போறது, அவரே இல்லையே, இனிமே அதுவே தன்னைத்தானே ஒதுக்கிக்கணும். ஆட்டினாரும்மாங்கிறேன். என் குரல் எனக்கே பெரிசாக் கேக்குது. நல்லாத் தெரியற மாதிரி ஆட்டினாரு, உன் பேரைச் சொன்னதும். அடைப்பு போட்டிருக்கோமே, பின்ன எதுக்குப் போட்டிருக்கோம்? காலையில உசுரோட இருந்தாருங்கிறதுக்குத்தானே போட்டிருக்கோம். உங்க சித்தப்பாவை இங்க வந்து இந்தப் பூட்டைப் பார்த்துட்டுப் போகச் சொல்லு. அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு அழுதுச்சு. கோமளா அதோட முதுகைத் தடவிக் குடுத்தா. ஆனி வரைக்கும் போச்சு. போகட்டும். கவரை மட்டும் கோமளா பத்திரமா மடியில வெச்சுக்கிட்டா, அது நியாயமா எங்களுக்குச் சேர வேண்டியது.

வண்டிக்கு நேரமாச்சுன்னு அது கிளம்புச்சு. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, தையில திதிக்கு வர்றேன் சார், வரலாமில்லன்னு கேட்டுச்சு. இது உங்க வீடு மாதிரிம்மான்னா கோமளா. ஆட்டோ திரும்பினதும் எனக்குச் சாக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஓட்டை திறந்தபடி கிடக்கு, பூனை எதாவது நுழைஞ்சுடும். போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு முருங்கை மரத்தைத் தாண்டிப் போறேன். இருட்டிக்கிட்டு வருது. காத்து நின்னு போச்சு, முருங்கையில ஒரு இலை அசையல. சாக்கைக் கையில எடுத்துட்டேன். திணிச்சுட்டு வந்திருக்கலாம், ஆனா பேசணும்போல இருக்கு. பொய் சொன்னவன் சம்பந்தப்பட்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட வேண்டாமா. ஓட்டையில டார்ச்சை வெக்கிறேன். ஃபேன் நிக்குது, சுவத்தைப் பார்த்த மாதிரி நிக்குது, றெக்கையில தூசி தெரியுது. நாற்காலி இருக்கு. மஃப்ளர் நாற்காலி முதுகுல நேராத் தொங்குது. சார், உங்க பொண்ணு வந்துட்டுப் போச்சுங்கிறேன். பாக்கியெல்லாம் தீர்ந்துடுச்சு. தையில திதிக்கு வரலாமான்னு கேக்குது. வரச் சொல்லட்டுமா சார்?

மஃப்ளர் நுனி மெள்ள மேல தூக்குது. அப்படியே ஒரு மூச்சு நேரம் நிக்குது. அப்புறம் விழுது. நான் சாக்கை மார்போட பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இன்னொரு கை சட்டைப் பைக்குப் போகுது. பீஸ் கட்டை பையிலதான் இருக்கு.